தென்காசிச் சீமையில் ஆசீர்வாதத்தின் பொருள்

நம் திருச்சபைகளில் ‘ஆசீர்வாதம்’ என்னும் சொல் மிகுதியாக வழங்குகிறது. திருமணத்திலும், வீட்டுப் பிரதிஷ்டையிலும், ஞாயிறு ஆராதனையின் முடிவிலும் அச்சொல்லைக் கேட்கிறோம். ஆயினும் அன்றாடப் பேச்சில் அதன் பொருள் குறுகி வருவதை ஆயர்கள் அறிவர். ஒரு குடும்பத்தை ‘ஆசீர்வாதமான குடும்பம்’ என்று கூறும்போது, அவர்கள் கட்டிய வீடும், வாங்கிய வாகனமும், அயல்நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுமே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அங்ஙனமாயின், ஆலங்குளம் பக்கத்து ஊரொன்றில் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விதவைத் தாயின் குடும்பத்தை நாம் என்னவென்று அழைப்பது? இவ்வினாவைத் திருமறையின் ஒளியில் மட்டுமன்றி, தென்காசி, குற்றாலம் சூழ்ந்த நிலத்தின் வரலாற்றின் ஒளியிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வளம் நிறைந்த நிலம்

வளத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான நிலம் தமிழகத்தில் அரிது. மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த இப்பகுதிக்கு ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் கிடைக்கிறது. குற்றால அருவிகளின் நீரைக் கொண்டு சிற்றாறு கீழ்நாட்டின் வயல்களை நனைத்துத் தாமிரபரணியில் கலக்கிறது. பாண்டிய மன்னன் பராக்கிரம பாண்டியன் 1446 ஆம் ஆண்டில் தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். அக்கோயிலைப் பிற்காலத்தில் பேணிக் காப்பவர்களைத் தான் பணிவதாக அவன் கல்லில் பொறித்துவைத்தான். மன்னனின் செல்வமும் நிலையாது என்ற உணர்வு அவ்வரிகளின் அடியில் இருக்கிறது.

18 ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குற்றால மலையின் வளத்தை விரிவாகப் பாடுகிறது. அவ்வளத்தை எடுத்துக் கூறுபவள் ஒரு குறத்தி. மலையின் செழிப்பையெல்லாம் தன்னுடையதாகப் பாடும் அவள், ஊர் ஊராகச் சென்று குறி சொல்லிப் பிழைப்பவள். அவளைப் பொறுத்தவரை வளம் என்பது அவள் பிறந்த மலையோடும் குலத்தோடும் உள்ள உறவேயன்றிப் பட்டா நிலம் அன்று. பின்னர் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் அதே மலைச்சாரலில் கிராம்பு, சாதிக்காய், இலவங்கம் ஆகியவற்றைப் பயிரிடும் தோட்டங்களை அமைத்தனர். அவர்கள் கண்ட வளம் ஏற்றுமதிக்குரிய சரக்காயிருந்தது. ஒரே மலை மன்னனுக்கும், குறத்திக்கும், வணிகனுக்கும் மூவேறு பொருளில் வளமாகத் தோன்றியது. இந்நிலத்திற்கு நற்செய்தி வந்தபோது, அது எவ்வகை வளத்தைக் குறித்துப் பேசிற்று என்பதே நம் வினா.

2. தரும சங்கமும் தன்மதிப்பும்

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு பலரும் அறிந்ததே. தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799 இல் முதலூர் தோன்றியது. துன்புறுத்தப்பட்டு, குடியிருந்த ஊரில் வாழ இயலாதவர்கள் தங்களுக்கென ஓர் இடத்தைத் தேடியதே அவ்வூரின் தொடக்கம். 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இவ்வனுபவத்திலிருந்து ஒரு பாடத்தைக் கற்றார். கிறிஸ்தவர்களான எளிய மக்கள் பிறருடைய நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தனர். நிலக்கிழார் சினந்தால் ஒரே நாளில் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். ஆகவே, அவர்களுக்கு மனையிடங்களை வாங்கித்தரும் நோக்குடன் 1830 இல் தரும சங்கம் நிறுவப்பட்டது. நல்லூர், சுரண்டை ஆகிய ஊர்கள் சர்ச் மிஷன் சங்கத்தின் மையங்களாக வளர்ந்தன. அவை இன்று, 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்குகின்றன.

தரும சங்கம் வாங்கிய நிலம் பொருட்செல்வமே என்பதில் ஐயமில்லை. உடலையும் மண்ணையும் இகழும் ஆவிக்குரிய போதனை எதுவும் அங்கே இல்லை. ஆனால் அந்நிலம் ஒருவனை மற்றொருவனுக்கு மேலாக உயர்த்துவதற்கென வாங்கப்படவில்லை. துரத்தப்படுவோம் என்ற அச்சமின்றி ஒருவன் நிமிர்ந்து நிற்பதற்கும், அருகில் ஓர் ஆலயமும் பள்ளியும் எழுவதற்கும் அது வாங்கப்பட்டது. ரேனியஸ் தம் மாணவர்கள் சாதி வேறுபாடின்றி உடனிருந்து உண்ண வேண்டுமென வற்புறுத்தியதையும், அதற்கு எதிர்ப்பு எழுந்ததையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மனையும் பந்தியும் ஒரே போதனையின் இரு பக்கங்கள். முன்னதை மகிழ்ந்து ஏற்ற திருச்சபை, பின்னதை ஏற்கத் தயங்கிற்று. அத்தயக்கத்தின் விளைவை ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் காண்கிறோம்.

3. பஞ்சமும் பழிச்சொல்லும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, திருநெல்வேலியில் பல்லாயிரவர் திருச்சபையை நாடி வந்தனர். ‘சோற்றுக்காக மதம் மாறியவர்கள்’ என்ற பழிச்சொல் அன்று உரத்து ஒலித்தது. 1877 இல் பேராயராக அருட்பொழிவு பெற்ற கால்டுவெல் இதற்குத் தந்த விளக்கம் கவனத்திற்குரியது. வந்தவர்களின் நோக்கம் கலப்பற்றது என்று அவர் வாதாடவில்லை. பசியும், பாதுகாப்பு நாட்டமும், தம்மைப் பொருட்படுத்தியவர்கள்மீது கொண்ட நன்றியும் கலந்தே அவர்கள் வந்தனர் என்பதை அவர் மறைக்கவில்லை. நோக்கங்கள் போதனையாலும் சபை வாழ்வாலும் தூய்மை பெறும் என்பதே அவர் கொண்ட நம்பிக்கை.

பசித்தவன் சோறு தேடி வருவது இழிவன்று. திரளான மக்கள் அப்பம் உண்டதற்காகத் தம்மைத் தேடினர் என்று அறிந்திருந்தும் இயேசு அவர்களோடு உரையாடினார் (யோவான் 6). அப்பத்தை மறுக்காமல், அப்பத்திற்கு அப்பால் அவர்களை அழைத்துச் சென்றார். அப்பாலுள்ளதைக் காட்டாமல் அப்பத்தையே முடிவாகக் காட்டும் போதனைதான் பழிச்சொல்லை மெய்யாக்கும்.

4. பெற்றவர் கொடுப்பவராதல்

பெறுவோராக இருந்த திருநெல்வேலித் திருச்சபை கொடுப்போராக மாறிய வரலாறு நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1902 இல் யாழ்ப்பாணம் சென்ற வே. ச. அசரியா, அங்குள்ள கிறிஸ்தவ மாணவர்கள் தாமே பணம் சேர்த்து நற்செய்திப் பணிக்கு ஆள் அனுப்புவதைக் கண்டார். எண்ணிக்கையில் மிகுந்த தம் திருச்சபை அவ்வாறு எதையும் செய்யவில்லையே என்ற கவலை அவரைப் பற்றியது. அடுத்த ஆண்டே, 1903 இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்தியப் பணியாளர், இந்திய நிர்வாகம் என்பன அதன் கொள்கைகள். நைசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் அதன் பணித்தளமாயிற்று. பனையேறியும் வயலில் உழைத்தும் வாழ்ந்த மக்களின் சிறு காணிக்கைகள், மொழி தெரியாத தெலுங்கு நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சென்றன. சமைக்கும் பொழுதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகப் படைக்கும் வழக்கம் நம் பெண்கள் அறிந்ததே. அரிசிக்காக வந்தவர்கள் என்று பழிக்கப்பட்ட சபை, அரிசியைக் கொடுக்கும் சபையாயிற்று.

1910 இல் எடின்பரோ மாநாட்டில் பேசிய அசரியா, மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையும் ஈகையையும் நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் இந்தியத் திருச்சபை அவற்றுக்கும் மேலாக அன்பையும் நட்பையும் கேட்கிறது என்றார். உடைமைகளையெல்லாம் கொடுத்தவரும் உடன் அமர மறுக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1912 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான பின்பும், கொடுத்தல் சீடத்துவத்தின் பகுதி என்பதை வறிய சபைகளுக்கே அவர் போதித்துவந்தார்.

5. மீனாட்சிபுரம் எழுப்பிய வினா

தென்காசிக்கு அண்மையில், மலையடிவாரத்தில் அமைந்த மீனாட்சிபுரத்தில் 19-2-1981 அன்று நூற்றுக்கு மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாமைத் தழுவின. நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. வளைகுடா நாட்டுப் பணம் அவர்களை மாற்றியது என்று பலர் குற்றஞ்சாட்டினர். நூறாண்டுக்குமுன் கிறிஸ்தவர்மீது வீசப்பட்ட அதே பழி அன்று அவர்கள்மீது வீசப்பட்டது.

அம்மக்கள் கூறிய காரணம் வேறு. தேநீர்க் கடையில் தனிக் குவளை, பொதுவிடங்களில் இழிவு, மரியாதையற்ற விளிப்பு, காவல்துறையின் கெடுபிடி ஆகியவற்றினின்று விடுபட்டு, மனிதராக மதிக்கப்பட விரும்பினோம் என்றனர். அவர்களிடையே படித்தவர்களும், அரசுப் பணியிலிருந்தவர்களும், சொந்த நிலமுடையவர்களும் இருந்தனர். பொருள் ஓரளவு கிடைத்த பின்னும் மதிப்புக் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் குறை. மேலும், 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாமையோ கிறிஸ்தவத்தையோ தழுவும் பட்டியல் இனத்தவர் தமக்குரிய சலுகைகளை இழக்கின்றனர். பொருளாதார வகையில் இழப்பு நேரும் என்று தெரிந்தே ஒரு முடிவு எடுக்கப்பட்டதென்றால், அம்முடிவைப் பணத்தால் மட்டும் விளக்க இயலாது.

திருச்சபைக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக இப்பகுதியில் ஆலயங்களும் பள்ளிகளும் இருந்தும், அம்மக்கள் நம் வாசலுக்கு வரவில்லை. கிறிஸ்தவத்திலும் சாதி உண்டு என்பது இச்சீமையில் எவர்க்கும் மறைபொருளன்று. நாம் செழித்திருந்தோம், ஆனால் அவர்கள் தேடிய ஆசீர்வாதம் நம்மிடம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

6. திருமறையின் சான்று

இவ்வரலாற்றோடு திருமறையை ஒப்புநோக்குவோம். ஆபிரகாம் பெற்ற ஆசீர்வாதம், அவன் வழியாகப் பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும்பொருட்டு அளிக்கப்பட்டது (ஆதியாகமம் 12). உபாகமம் 28 ஆம் அதிகாரம் களஞ்சியத்தையும் மந்தையையும் ஆசீர்வாதமாகக் கூறுகிறது. அதை நாம் மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதே நூலின் 8 ஆம் அதிகாரம், தன் கையின் வல்லமையே செல்வத்தைத் தந்தது என்று எண்ணும் இருதயத்தை எச்சரிக்கிறது. 15 ஆம் அதிகாரமோ எளியவனுக்குக் கையைத் திறக்கக் கட்டளையிடுகிறது. உத்தமனான யோபு அனைத்தையும் இழந்தான். அவன் இழப்பைப் பாவத்தின் அடையாளமெனக் கொண்ட நண்பர்களைக் கடவுள் கடிந்துகொண்டார்.

இன்று செழிப்பின் உபதேசத்தார் பெரிதும் எடுத்தாள்வது 3 யோவான் 2 ஆம் வசனம். அமெரிக்காவில் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்று, ஒலிநாடாக்களாலும் தொலைக்காட்சியாலும் நம்மிடம் வந்த இவ்வுபதேசம், அவ்வசனத்தை ஒரு வாக்குத்தத்தமாகக் கொள்கிறது. உண்மையில் அது அக்காலத்துக் கடிதங்களில் வழங்கிய நலம் விரும்பும் முகமன் ஆகும். அக்கடிதத்தின் பொருளோ, வழிப்போக்கரான ஊழியரைக் காயு தன் வீட்டில் ஏற்று உபசரித்ததும், தியோத்திரேப்பு ஏற்க மறுத்ததுமாகும். செழிப்பைப் பற்றியதாகக் காட்டப்படும் கடிதம் விருந்தோம்பலைப் பற்றியது. ஆபிரகாமின் ஆசீர்வாதம் என்ற தொடரையும் இவ்வாறே காண வேண்டும். கலாத்தியர் 3 ஆம் அதிகாரத்தில் பவுல் அதனை, புறவினத்தார் ஆவியைப் பெற்று ஒரே குடும்பமாவதோடு இணைக்கிறார்.

‘யூலோகியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆசீர்வாதம் என்பது பொருள். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுல் இச்சொல்லாலேயே குறிக்கிறார் (2 கொரிந்தியர் 9:5). தமிழ் வேதாகமத்தில் இது வெளிப்படையாகத் தெரிவதில்லை. திருவிருந்தின் பாத்திரத்தையும் அவர் அதே சொல்லால் அழைத்து, ஒரே அப்பத்தில் பங்குபெறும் பலர் ஒரே உடலாவதை உடனே கூறுகிறார் (1 கொரிந்தியர் 10:16, 17). செல்வர் முந்தி உண்டு, இல்லாதவர் பசித்திருந்த கொரிந்துவின் பந்தியை அவர் கர்த்தருடைய இராப்போஜனம் என்று ஏற்க மறுத்தார்.

7. நம் கடமை

இவற்றால் தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்தவ மரபில் ஆசீர்வாதம் என்பது, ஒருவர் நிமிர்ந்து நிற்கவும் பிறரோடு சமமாக அமரவும் செய்யும் கடவுளின் கொடை. நிலமும் உணவும் கல்வியும் இக்கொடைக்குக் கருவியாகும்போது ஆசீர்வாதமாகின்றன. ஒருவரை ஒருவரினின்று பிரிக்கும்போது அப்பெயரை இழக்கின்றன. செல்வத்தையே ஆசீர்வாதமாகப் போதிப்பவர், சோற்றுக்காக வந்தவர்கள் என்று நம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட பழிக்குத் தாமே சாட்சி கூறுகின்றனர்.

இதனை ஆயர்கள் பிரசங்கத்தில் மட்டுமன்றிச் சபை நடைமுறையிலும் விளக்க வேண்டும். அறுப்பின் பண்டிகையில் மிகுந்த தொகைக்கு ஏலம் எடுத்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நாம், கைப்பிடி அரிசி கொண்டுவந்தவளை எவ்வாறு மதிக்கிறோம்? நம் ஊர்களின் அசனப் பந்தி இச்சீமையின் அரிய கிறிஸ்தவச் சொத்து. அப்பந்தியில் ஊரின் எல்லாத் தெருவினரும் அருகருகே அமர்கின்றனரா? அதே மக்கள் கல்லறைத் தோட்டத்திலும் சபைக் குழுவிலும் ஒன்றாக இடம்பெறுகின்றனரா? ஆராதனையின் முடிவில் ஆசிமொழி கூறக் கையுயர்த்தும் ஒவ்வொரு ஆயரும், அடுத்த வாரத்தில் தம் சபைக் குழுவின் முன் இவ்வினாக்களை வைப்பாராக.