தலைநகர்களில் தேடிய மலாக்கா

நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதே வாழ்வின் ஒரே நெடும்பயணமாக இருந்தது நம் தோட்டத்துப் பாட்டன்மார் பலருக்கு. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசிலும் இலண்டனிலும் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். இஃது எண்ணி மகிழத்தக்க வளர்ச்சியே. ஆயினும், ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவிட்டு அந்நகர்களுக்குச் செல்லும் நாம் அங்கே எதைக் கண்டு திரும்புகிறோம் என்பது சிந்தனைக்குரியது.

பள்ளி விடுமுறையொன்றில், ஆசிரிய நண்பர் சிலருடன் ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு நானும் புறப்பட்டேன். செய்தியறிந்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, அங்கே நம்முடையது ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாள். அவ்வினாவையே வழித்துணையாகக் கொண்டு சென்றேன்.

முதலில் கண்டது லிசுபன் மாநகர். 1511ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், 1641 வரை, ஏறத்தாழ 130 ஆண்டுகள் அதனை ஆண்டனர். கடலோடி வாசுகோடகாமாவின் கல்லறை அமைந்த செரோனிமோசு மடத்தை வழிகாட்டி எங்களுக்குக் காட்டினார். கீழை நாட்டு வாணிகத்தின்மீது விதித்த 5 விழுக்காட்டு வரி அதன் கட்டுமானத்துக்குப் பயன்பட்டது. மிளகும் கிராம்பும் கல்லாய் மாறி நிற்கும் காட்சி அது. ஆனால், என் நெஞ்சைத் தொட்டது வழிகாட்டி கூறாத வேறொரு செய்தி. 1554ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் இந்நகரிலேதான் தமிழ்மொழியின் முதல் அச்சுநூல் வெளிவந்தது. தமிழ்ச்சொற்களை உரோமன் எழுத்தில் பொறித்துப் போர்த்துக்கீசியப் பொருளும் தந்த சமயச் சிறுநூல் அது. அதனை உருவாக்கிய வின்சென்ட் நாசரேத், சோர்சு கர்வாலோ, தோமா குரூசு ஆகிய மூவரும் முத்துக்குளித்துறைத் தமிழர் என்பர் ஆய்வாளர். தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறிய 1578ஆம் ஆண்டுக்கு 24 ஆண்டுகள் முற்பட்டது இந்நூல். அதன் படியொன்றை லிசுபன் நகரின் பெலெம் பகுதி அருங்காட்சியகம் காத்து வந்தது.

அடுத்தது உரோமாபுரி. அதனுள் அமைந்த வத்திக்கான் நூலகத்தின் பெயரைக் கேட்டதும் தனிநாயகம் அடிகளார் நினைவுக்கு வந்தார். உரோமாபுரியில் பயின்ற அப்பெருமகனார், 1961 முதல் 1969 வரை நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்தியவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படி வத்திக்கானில் இருந்தது. அடிகளாரின் முயற்சியால் அது 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாயிற்று. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் தலைநகரில் நிகழ்ந்ததும் அதே ஆண்டிலேதான். உரோமாபுரியை எத்தனையோ கோடி மக்கள் சுற்றிப் பார்த்திருப்பர். அடிகளாரோ அங்கிருந்து நமக்கு ஓர் அகராதியை மீட்டுத் தந்தார்.

பாரிசில் இரண்டு செய்திகள் என்னை ஆட்கொண்டன. புதுச்சேரித் தலைமைத் துபாசி நைனியப்ப பிள்ளை 1716இல் தண்டிக்கப்பட்டு, மறு ஆண்டில் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்ப பிள்ளை கடல்கடந்து பாரிசு சென்று தந்தைக்காக நீதி வேண்டினார். தீர்ப்பு நீக்கப்பெற்றது, மகன் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பினார். அந்நகருக்குச் சென்ற முற்காலத் தமிழர்களுள் ஒருவர், தந்தையின் நற்பெயரை மீட்கச் சென்றவர் என்பது எத்துணைப் பெருமைக்குரியது!

மற்றொன்று நம் மலாக்காவைப் பற்றியது. 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரேசு என்பார் எழுதிய ‘சுமா ஒரியந்தல்’ என்னும் நூலின் கையெழுத்துப்படி, 1937ஆம் ஆண்டில் பாரிசின் சட்டமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1944இல் இலண்டனில் அச்சேறியது. சோழமண்டலக்கரை வணிகர் அன்றைய மலாக்காவில் பெற்றிருந்த செல்வாக்கையும், நைனா செட்டு என்னும் வணிகரையும் அது குறிப்பிடுகிறது. போர்த்துக்கீசியர் அவரைப் பெண்டகாரா பதவியில் அமர்த்தினர். 1514இல் அப்பதவி பறிபோக, மானம் பொறாது அவர் தீப்பாய்ந்து உயிர்நீத்தார். நம் ஊர்க்கதையை அறிய நாம் பாரிசு நூலகத்துக்குக் கடன்பட்டுள்ளோம்!

ஆம்சுடர்டாமில் ஒருநாளே தங்கினோம். கடாரத்து மன்னன் எடுப்பித்த நாகைச் சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தை ஈந்த செப்பேடுகள், ஒல்லாந்தரால் கொண்டு செல்லப்பட்டு, லைடன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தன. அவ்வொல்லாந்தர் ஆட்சியில், 1781இல், மலாக்காச் செட்டி மக்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயத்தை நம் ஊரில் இன்றும் வழிபடுகிறோம். இறுதியாகக் கண்ட இலண்டனில்தான், 1824ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், மலாக்காவை ஆங்கிலேயர் கைக்கு மாற்றிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்த ஆட்சி வளர்த்த இரப்பர்த் தோட்டங்களே பிற்காலத்தில் நம் முன்னோரை இங்கு அழைத்தன.

ஊர் திரும்பியபின் பெருமிதத்தைவிட நாணமே என்னிடம் மிகுந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் மூதாட்டி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் இரண்டாண்டு படித்தவர். பிறப்புச் சான்று இல்லாமையால், குடியுரிமை விண்ணப்பத்துக்குத் துணையாகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தம் பெயரைத் தேடித் தருமாறு வேண்டினார். தோட்டம் கைமாறிப் பள்ளி இடம்பெயர்ந்த காலத்தில் அப்பதிவேடு கறையானுக்கு இரையாகிவிட்டது. “இருக்கட்டும் ஐயா” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். 1554இன் சிறுநூலை அயலார் 450 ஆண்டுகளுக்கு மேல் காத்தனர். நம் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை நாமோ ஒரு தலைமுறைகூடக் காக்கவில்லை.

சுற்றுலா வேண்டா என்று நான் கூறவில்லை. 1930களின் இறுதியில், காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ 1 இலட்சம் மைல் சுற்றிய ஏ. கே. செட்டியார், 1940இல் அவற்றை ஒரு திரைப்படமாகவே நமக்கு அளித்தார். அத்தகைய தேடல் நம் பயணங்களிலும் சிறிதேனும் இருத்தல் வேண்டும். அதற்கு முன், ஜாசினிலும் அலோர்காஜாவிலும் மெர்லிமாவிலும் எஞ்சியுள்ள தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகளையும், வீடுகளில் தகரப்பெட்டிக்குள் உறங்கும் கப்பல் சீட்டு, சம்பளப் புத்தகம், குடும்பப் படம் ஆகியவற்றையும் படியெடுத்துக் காத்தல் வேண்டும்.

வினாத்தொடுத்த மாணவியிடம் நான் கண்டவற்றைச் சொன்னேன். மறுநாள் அவள் தன் கொள்ளுப்பாட்டியின் பழுப்பேறிய சம்பளப் புத்தகத்தைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். அதனைப் படியெடுத்து, எண்ணிட்டு, பள்ளி நூலகத்தில் புதிதாகத் திறந்த ஏட்டின் முதற்பக்கத்தில் பதிந்துள்ளோம்.