இடது கைக்கு என்ன விலை?

போத்தனூரில் விபத்துப் பேச்சு வந்தால், "கேஸ் போட்டா எவ்வளவுங்க கிடைக்கும்?" என்ற கேள்வியும் கூடவே வரும். 1939 மோட்டார் வாகனச் சட்டத்தை 1956-இல் திருத்திய பிறகுதான் இதற்கென்று தனித் தீர்ப்பாயத்துக்கு வழி பிறந்தது. அப்போதும் வண்டிக்காரர் மேல் தப்பு என்று காட்டினால்தான் பணம். 1982-இல்தான் தப்பு யாருடையது என்று பாராமலே உயிருக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று வந்தது. 2022 ஏப்ரல் முதல் உயிருக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம்.

அது போதாது என்றால் தப்பை நிரூபித்து, முழு நஷ்டத்தையும் கேட்க வேண்டும். அதற்கு ஒரே ரேட் கிடையாது. டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் விழும் அடி வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பிரித்துச் சொன்னது. இடது கை போனாலும் அரசாங்க கிளார்க் வேலையில் தொடரலாம். டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போச்சு. நம்ம ஊர் லேத் பட்டறைக்காரருக்கும் அதே கதிதானே!

40 வயது, மாதம் 20,000 வருமானம், பிழைப்பில் பாதி நஷ்டம் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,20,000. 2009-இன் சரளா வர்மா தீர்ப்புப்படி அந்த வயதுக்கு 15-ஆல் பெருக்கினால் 18 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவும் வலிக்கான தொகையும் தனி. 66 முதல் 70 வயதுக்காரர்களான நமக்கோ அந்த எண் வெறும் 5. ரிட்டயராகியும் பட்டறைக்குப் போகிறவர்கள் கூலிக்கு ஒரு சீட்டாவது வாங்கி வையுங்கள்.