வெறுங்கையாய் அனுப்பப்பட்டவர்கள்



உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் நாம் அதிகம் தியானிக்காத ஒரு கட்டளை உண்டு. ஆறு ஆண்டுகள் உழைத்த எபிரெய அடிமையை ஏழாம் ஆண்டில் எஜமான் விடுவிக்க வேண்டும். கடமை அதோடு முடிவதில்லை. ஆடுகளிலும் தானியத்திலும் திராட்சரசத்திலும் பங்கு கொடுத்தே அவனை அனுப்ப வேண்டும். இந்தக் கட்டளையை மனதில் வைத்து, அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றை இந்த வாரம் சிந்திப்போம்.

1619-இல் வர்ஜீனியாவில் ஏறத்தாழ 20 ஆப்பிரிக்கர் கரையிறக்கப்பட்டனர். 1860-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அடிமைகளின் தொகை ஏறக்குறைய 40 இலட்சம். இந்தப் பெருக்கத்துக்குப் பருத்தி ஒரு முக்கியக் காரணம். பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை எலி விட்னி 1793-இல் உருவாக்கினார். வேலையை எளிதாக்க வந்த அந்த இயந்திரம் பருத்தியைப் பெரும் இலாபப் பயிராக்கியது. வயலில் உழைக்க மேலும் மேலும் அடிமைகள் தேவைப்பட்டனர்.

தேசம் பிளவுபடுமுன்னே திருச்சபை பிளவுபட்டது என்பதை நாம் துக்கத்தோடு அறிய வேண்டும். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அப்பொறுப்பில் தொடரலாமா என்ற கேள்வியில் 1844-இல் மெதடிஸ்டுகள் பிரிந்தனர். அடிமை எஜமானை மிஷனரியாக அனுப்பலாமா என்ற கேள்வியில் 1845-இல் பாப்திஸ்டுகள் பிரிந்தனர். ஆபிரகாமின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்களே என்று தென்மாநிலப் பிரசங்கிமார் வாதாடினர். அடிமைத்தனத்துக்கு ஆதாரம் தேடி வேதத்தைப் புரட்டிய கைகள், உபாகமத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் விரைவாகக் கடந்துபோயின.

மாநில உரிமைகளுக்காகவே போர் நடந்தது என்று சொல்வோர் இன்றும் உண்டு. ஆனால் பிரிந்துசென்றவர்களே காரணத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டபின், 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட அறிக்கை, அடிமைமுறைக்கு வடக்கு காட்டிய எதிர்ப்பையும் தப்பியோடிய அடிமைகளை அது திருப்பியனுப்பாததையும் குற்றமாகச் சாட்டியது. கறுப்பினத்தார் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் அறிவித்தார். கிறிஸ்துவுக்குரிய பெயரை எதற்குச் சூட்டினார் பாருங்கள்!

1861 ஏப்ரலில் தொடங்கிய போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. ஆறு இலட்சத்துக்கும் அதிகமான போர்வீரர்கள் மாண்டனர். வடக்கின் படையில் சேர்ந்து போராடிய கறுப்பினத்தார் ஏறத்தாழ 1,80,000 பேர்.

போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரி 12 அன்று, ஜார்ஜியாவின் சவானா நகரில் 20 கறுப்பினச் சபைத் தலைவர்கள் தளபதி ஷெர்மனையும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனையும் சந்தித்தனர். அவர்கள் சார்பாகப் பேசியவர் 67 வயதான பாப்திஸ்டு ஊழியர் காரிசன் ஃபிரேசியர். தம்மையும் தம் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவர் இலவச உணவும் கேட்கவில்லை, பழிவாங்கலும் கேட்கவில்லை. தங்கள் உழைப்பால் பயிரிட்டுப் பிழைக்க நிலம் வேண்டும் என்றார்.

நான்கே நாளில் ஷெர்மன் ஆணையிட்டார். கடலோர நிலங்களில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பங்கிடப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி விதைத்தனர். ஆனால் ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய எஜமானர்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்தச் செய்தியை எடிஸ்டோ தீவின் மக்களுக்குத் தளபதி ஹோவர்ட் ஒரு தேவாலயத்திலேயே அறிவிக்க நேர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் 13-ஆம் சட்டத்திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை வந்தது; கை வெறுமையாயிருந்தது. பலர் பழைய எஜமானின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கினர். 1877-இல் வடக்கின் படைகள் காவலைக் கைவிட்டபின், வாக்குரிமையும் படிப்படியாகப் பறிக்கப்பட்டது. அதைத் திடமாய்க் காக்கும் சட்டம் 1965-இல்தான் வந்தது. 1845-இல் பிரிந்த தென் பாப்திஸ்டு சபை மன்னிப்புக் கேட்டது 1995-இல். இடையில் 150 ஆண்டுகள்.

பிரியமானவர்களே, மனந்திரும்பிய சகேயு வருத்தம் தெரிவித்ததோடு நிற்கவில்லை. அநியாயமாய் எடுத்ததை நாலத்தனையாய்த் திருப்பித்தர முன்வந்தான். நாம் மன்னிப்புக் கேட்ட இடங்களை இந்த வாரம் நினைத்துப்பாருங்கள். தாமதித்த கூலி, உடன்பிறந்தவருக்குச் சேரவேண்டிய பங்கு, நாம் கெடுத்த ஒருவரின் நற்பெயர்: எதையாவது திருப்பிக் கொடுத்தோமா? அல்லது சமாதானம் என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்பினோமா?

நீதியுள்ள தேவன் நம் நாவை மட்டுமல்ல, நம் கைகளையும் திறப்பாராக. ஆமென்.