எடையிடாத தூண்டில் ஈக்களை மூழ்கவைத்தல்: வரலாறு

எடையிடாத ஈயை மூழ்கவைத்தல் என்பது, உலோகம் எதுவும் சுற்றாத செயற்கைத் தூண்டில் ஈயையும், அதைக் கட்டும் லீடர் என்னும் மெல்லிய முனை இழையையும் நீர்ப்பரப்புக்குக் கீழே இறக்கும் முறையாகும். தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறை ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்போரிடையே இது வெறும் உத்தியாக மட்டும் இருக்கவில்லை. எது நியாயமான மீன்பிடிப்பு என்ற நீண்ட சர்ச்சையும் இதனோடு பிணைந்திருந்தது.

நீர்ப்பரப்பின் தடை

தூண்டில் கொக்கி எஃகால் ஆனது. நீரைவிட ஏழு மடங்குக்கு மேல் அடர்த்தி மிக்கது. ஆயினும் சிறிய ஈ மிதக்கிறது. ஊசியை மெதுவாக நீரில் கிடத்தினால் அது மிதப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: பரப்பு இழுவிசை. இறகிலும் உரோமத்திலும் சிக்கிய காற்றும் ஈயைத் தாங்கிப் பிடிக்கிறது. எனவே எடையைக் கூட்டாமலே, ஈயை நன்கு நனைத்தும், இறகைக் குறைத்து மெலிதாகக் கட்டியும் அதை மூழ்கச் செய்யலாம்.

ஹால்ஃபோர்டும் ஸ்கூஸும்

பிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886இல் வெளியிட்ட நூல், மிதக்கும் ஈக்களைக் கட்டும் முறையை வகுத்துரைத்தது. அவரைப் பின்பற்றியோர் சுண்ணப்பாறை ஓடைகளில் உலர் ஈ ஒன்றே தகும் என்றனர்.

ஜி. இ. எம். ஸ்கூஸ் லண்டனில் பணியாற்றிய வழக்கறிஞர். வின்செஸ்டர் அருகே இட்சன் ஆற்றில் 1883 முதல் மீன் பிடித்துவந்தார். தரம் குறைந்த இறகால் கட்டிய அவரது ஈ ஒருமுறை மிதக்காமல் மூழ்கியது. மிதந்த ஈக்களைப் பொருட்படுத்தாத ட்ரவுட்கள் அதைக் கவ்வின. மீன்கள் பல வேளைகளில் உண்பது பரப்பில் நிற்கும் பூச்சியை அல்ல, அதற்குச் சற்றுக் கீழே மேலெழுந்துவரும் நிம்ஃப் என்னும் இளவுயிரியை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1910இலும் 1921இலும் வந்த அவருடைய நூல்கள் இக்கருத்தை விரித்துரைத்தன. அவருடைய நிம்ஃப்கள் எடையற்றவை. பரப்பை ஒட்டிய சில அங்குல ஆழமே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பு ஓயவில்லை. 1938இல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கழகத்தில் நிம்ஃப் முறை குறித்து விவாதம் நடந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் மீன் பிடித்த இட்சன் பகுதியை ஸ்கூஸ் அவ்வாண்டோடு விட்டுவிலகினார்.

முனை இழையின் மாற்றம்

அக்காலத்து முனை இழை, பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்யப்பட்டது. உலர்ந்த நிலையில் அது எளிதில் முறியும் என்பதால் முன்கூட்டியே ஊறவைப்பது கட்டாயம். ஊறிய இழை தானாகவே நீரில் அமிழ்ந்தது.

பின்னர் நைலான் வந்தது. தமிழக மீனவர் இன்று நரம்பு என்று அழைப்பது இதைத்தான். ஊறவைக்கும் தொல்லை ஒழிந்தது, ஆனால் மூழ்கவைக்கும் தொல்லை பிறந்தது. நைலானின் அடர்த்தி சுமார் 1.14, நீரைவிடச் சற்றே அதிகம். கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டாலே அது பரப்பில் மிதக்கும். மிதக்கும் இழை மீனுக்கு எச்சரிக்கையாவதோடு ஈயையும் மேலே இழுத்துப் பிடிக்கும். முல்தானி மிட்டி போன்ற களிமண்ணைக் கிளிசரினும் சலவைத் திரவமும் சேர்த்துப் பிசைந்து இழையில் தேய்ப்பது இதற்குப் பரவலான தீர்வாயிற்று. களிமண் எண்ணெயை அகற்றுகிறது. சலவைத் திரவம் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. பிற்காலத்தில் வந்த ஃபுளூரோகார்பன் இழையின் அடர்த்தி சுமார் 1.78 என்பதால், அது நைலானைவிட விரைவாக மூழ்குகிறது.

சாயரின் செம்புக் கம்பி

வில்ட்ஷயரின் ஏவன் ஆற்றுக் காவலரான ஃபிராங்க் சாயர் வேறு வழியை எடுத்தார். நூலுக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கம்பியால் ஃபெசன்ட் பறவையின் வால் இறகைக் கட்டினார். 1958இல் வெளியான அவரது நூலால் இம்முறை பரவியது. ஸ்கூஸின் நிம்ஃப் எட்டாத ஆழத்தை இது எட்டியது. ஆயினும் மீன் பரப்பை ஒட்டி மேயும்போது கனமான ஈ அதன் கண்மட்டத்தைக் கடந்து கீழே போய்விடும். நனைத்த எடையற்ற ஈயும் களிமண் தேய்த்த இழையும் இன்றும் வழக்கொழியாமல் இருப்பது அதனால்தான்.