பேக் கோர்ட்: ஒரு கோடும் ஒரு தப்பான விசிலும்

பள்ளி மாணவர்களுக்கான பாஸ்கெட்பால் போட்டி ஒன்றில் நான் ரெஃப்ரி. கடைசி நிமிடம், ஒரு பாயின்ட் வித்தியாசம். பின்தங்கியிருந்த அணி ஃப்ரண்ட் கோர்ட்டுக்குப் பந்தைக் கொண்டுவந்துவிட்டது. ஒரு பையன் பாஸ் கொடுக்கிறான். எதிரணிப் பையனின் விரல்நுனி பட்டு, பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் உருள்கிறது. பாஸ் கொடுத்தவனே ஓடிப்போய் எடுத்தான். சுற்றி நின்றவர்கள் "பேக் கோர்ட்! பேக் கோர்ட்!" என்று கத்த, நானும் விசில் ஊதிவிட்டேன். பந்து எதிரணிக்குப் போச்சு, ஆட்டமும் போச்சு.

"சார், அவன்தானே தட்டிவிட்டான்?" என்று அந்தப் பையன் கேட்டான். அவன் கேட்டது சரி.

விதி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது எதற்காக வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு ராத்திரிதான் தேட ஆரம்பித்தேன்.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் நடுக்கோடு என்ற பேச்சே கிடையாது. பந்தோடு ஓடக்கூடாது, இடிக்கக்கூடாது என்பவைதான் அவருடைய கவலைகள். கோடு இல்லாத மைதானத்தில் லீடில் இருக்கும் அணி என்ன செய்யும்? கபடியில் பார்த்திருப்பீர்கள், லீடில் இருக்கிற டீமின் ரெய்டர் போய், சும்மா நாலு அடி ஆடிவிட்டு, நேரத்தைக் கடத்தித் திரும்பி வருவார். அதே கதைதான் இங்கேயும். மைதானம் முழுக்கப் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு, கூடைப் பக்கமே போகாமல் இருப்பார்கள். துரத்துகிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

இதைத் தடுக்கத்தான் 1932-33 சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் நடுக்கோடும் 10 விநாடிக் கெடுவும் வந்தன. அதற்குள் கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டிய பந்தைத் திரும்பப் பின்னால் கொண்டுவரக் கூடாது என்பதும் இதே நோக்கத்தில் சேர்ந்ததுதான். 94 அடி மைதானத்தில் ஒளிய இடம் பாதியானது.

ஆக, விதி தண்டிப்பது பந்து கோட்டைத் தாண்டியதை அல்ல, பந்தை வைத்திருக்கிற அணி பின்வாங்குவதை. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். பந்து அந்த அணியின் கட்டுப்பாட்டில் ஃப்ரண்ட் கோர்ட்டில் இருந்ததா? அங்கே கடைசியாகத் தொட்டது அந்த அணிதானா? பின்னால் முதலில் தொட்டதும் அவர்கள்தானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மட்டுமே விசில். எதிராளி தட்டிப் போன பந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பின்வாங்கவே இல்லாத பையனை நான் தண்டித்திருக்கிறேன்.

கோடும் பேக் கோர்ட்டைச் சேர்ந்தது என்பதை ஆடுகிறவர்களே மறந்துவிடுவார்கள். டிரிபிள் செய்து வருகிறவனுக்கு இரண்டு கால்களும் பந்தும் முழுசாக முன்பக்கம் வந்தால்தான் 'தாண்டியது' கணக்கு. ஒரு கால் கோட்டில் இருக்கும்போதே ஊதுகிற ரெஃப்ரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சில காலம் நானும் அந்தக் கூட்டம்தான்.

கோடு போட்டதால் நேரம் கடத்துவது நின்றதா என்றால், இல்லை. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மின்னியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று தோற்கடித்தது. பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டே ஜெயித்தார்கள். அப்புறம்தான், 1954-இல், என்பிஏவில் 24 விநாடிக் கடிகாரம் வந்தது.

கடிகாரம் வந்தபின் கோடு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டம் 2013-14 வரை 10 விநாடி விதியே இல்லாமல் நன்றாகத்தான் நடந்தது. சர்வதேச ஆட்டத்திலோ 2000-இல் 10 விநாடியை 8 ஆகக் குறைத்து இன்னும் இறுக்கினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பாதி மைதானத்துக்குள் அடைபட்டால்தான் டிஃபென்ஸுக்கும் ஒரு வாய்ப்பு.

அடுத்த முறை அந்தப் பையனின் கோச்சைப் பார்த்தபோது தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். "விடுங்க சார், ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட்டாச்சே" என்றார்.