துண்டுச் சீட்டும் லயத்து அறையும்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை, கலஹாவுக்கு அண்மையிலுள்ளது. இம்மலைகளில் தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமாயின் முன்னர் ‘துண்டு’ வேண்டும். கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பின் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அக்கடனை ஏற்கும் வேறொரு துரை கிடைக்கும்வரை குடும்பங்கள் அசைய இயலாது.

1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. கொழுந்து கொய்பவள் பெண்ணே என்பதைச் சட்டம் இயற்றியோர் மறந்தனர் போலும்! தேயிலை விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் அக்கூலியும் குறைக்கப்பட்டது.

இதே காலத்தில் பிரித்தானியாவில், 1919ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்கீழ், அரசின் பணவுதவியுடன் நகரசபைகள் தொழிலாளருக்குக் குளியலறையுள்ள வீடுகளைக் கட்டின. அதே முடியாட்சிக்கு உட்பட்ட இங்கோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையே சமையற்கட்டும் படுக்கையும் பிள்ளைப்பேற்று அறையுமாயிற்று. கூலியையும் கடனையும் தொட்ட சட்டம், கூரையை மட்டும் துரையின் விருப்பத்துக்கே பெரிதும் விட்டது.

1931இல் வந்த சர்வசன வாக்குரிமை தோட்ட மக்களுக்கு நிபந்தனைகளுடனே கிட்டியது. 1949இல் அதையும் பெரும்பாலோர் இழந்தனர். மலைநாட்டின் பழைய லயங்கள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.