தேநீர்ச் சடங்கு, ஜப்பானிய

மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளை விருந்தினர் முன்னிலையில் வெந்நீரில் கலக்கிப் பரிமாறும் ஜப்பானியக் கலைமரபு. ‘சாநோயு’, ‘சாதோ’ என்றும் வழங்கும்.

வகைகள்: கெட்டித் தேநீர் (கொய்ச்சா), இளந்தேநீர் (உசுச்சா).

கூறுகள்: விருந்தினர் ‘ரோஜி’ தோட்டத்தின் நடைகற்கள் வழியே வந்து, கல்தொட்டி நீரில் கையும் வாயும் அலம்பி, தாழ்ந்த சிறுவாயிலில் குனிந்து தேநீர் அறைக்குள் நுழைவர். பருவத்துக்கேற்ற வகாஷி இனிப்பு முதலில் தரப்படும். சிவப்புப் பயற்றின் இனிப்பு விழுது இதில் பெரிதும் பயன்படுகிறது. மூங்கில் கடைகோலால் நுரைக்கக் கடைந்த தேநீர் அடுத்து வரும். கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காமல், சற்றுத் திருப்பிப் பருகுவது முறை.

வரலாறு: சீனாவில் பயின்று 1191இல் திரும்பிய ஏய்சாய் என்னும் ஜென் துறவி தூள்தேநீர் அருந்தும் பழக்கத்தைப் பரப்பினார். சென் நோ ரிக்யூ (1522–1591) எளிமையை அடிப்படையாக்கி இன்றைய வடிவம் தந்தார். இணக்கம், மதிப்பு, தூய்மை, அமைதி ஆகியன இதன் நான்கு நெறிகள்.

தமிழகத் தொடர்பு: உறக்கத்தை வெல்லப் பௌத்தத் துறவி போதிதர்மர் அறுத்தெறிந்த இமைகளே தேயிலைச் செடியாக முளைத்தன என்பது கிழக்காசியத் தொன்மம். அவரைக் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகக் கொள்ளும் மரபும் உண்டு.